கைக்குத் துணையாக மின்சாரம்

நேயர்களுக்கு வணக்கம். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டு, கை கால் நான்கும் செயலிழந்தவர்களிடம் முதலில் எது திரும்ப வேண்டும் என்று கேட்டால், நடை என்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். 2004இல் வெளியான ஓர் ஆய்வில் அப்படிக் கேட்டார்கள். அதிகம் பேர் சொன்னது கை, விரல். யோசித்தால் புரியும். ஒரு டம்ளரைப் பிடிக்க, மூக்கைச் சொறிய, எல்லாவற்றுக்கும் இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே!

இந்தக் கைக்காகத்தான் மின்தூண்டல். "ஷாக் வைப்பீர்களா?" என்று பயந்தபடியே கேட்பார்கள். பெரும்பாலும் உறுத்தலும் கூச்சமுமாகத்தான் இருக்கும்.

இதில் இரண்டு வகை உண்டு, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பழைய வகை, தசைக்குப் போகும் நரம்பையே தூண்டும். விரல் தானாக மடங்கும். 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'ஃப்ரீஹேண்ட்' என்ற கருவியை உடலுக்குள்ளேயே பொருத்தினார்கள். ஒரு தோளை அசைத்தால் மறுபக்கக் கை பிடிக்கும், விடும். அருமையான யோசனை. ஆனால் சில வருடங்களிலேயே விற்பனை நின்றுபோனது. எனக்கு இன்றும் அதில் வருத்தம்தான்.

புதிய வகை வேறு மாதிரி. கழுத்தின் பின்புறத் தோலில் மின்முனைகளை ஒட்டுகிறோம். அது கையை அசைக்காது. பலருக்குத் தண்டுவடம் முழுதாக அறுந்திருப்பதில்லை, சில இழைகள் மிஞ்சியிருக்கும். அவற்றின் வழியே மூளையின் கட்டளை வருகிறது, ஆனால் மிக மெலிதாக. தண்டுவடத்துக்குள் நுழையும் உணர்வு நரம்புகளை மின்சாரம் தூண்டும்போது, தசையை இயக்கும் செல்கள் தயார் நிலைக்கு வருகின்றன. அந்த மெல்லிய கட்டளையும் அவற்றுக்கு எட்டுகிறது.

2024இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் இதைப் பற்றிய ஆய்வு வந்தது. 60 பேருக்கு முதல் இரண்டு மாதம் பயிற்சி மட்டும், அடுத்த இரண்டு மாதம் பயிற்சியோடு தூண்டல். 72 சதவீதம் பேருக்குக் கை வலுவும் கூடியது, வேலைத்திறனும் கூடியது. அடிபட்டு 34 வருடம் ஆனவரும் அதில் இருந்தார். சரி, ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழு இல்லாத ஆய்வு அது; அதையும் மனதில் வையுங்கள்.

மின்முனையை ஒட்டிவிட்டுச் சும்மா படுத்திருந்தால் இந்தப் பலன் வராது. அந்த நேரத்தில் பந்தைப் பிடிக்க, ஆணியைப் பொறுக்க நீங்கள் முயல வேண்டும். நடுவில் திடீரெனத் தலைவலி, முகம் சிவந்து வியர்வை என்றால் ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று அர்த்தம். உடனே கருவியை அணைத்து, நிமிர்ந்து உட்கார வைத்து, டாக்டரைக் கூப்பிடுங்கள்.