டிஸ்க் கைமாறும், டவுன்லோட் கைமாறுமா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்தில் இந்த வெக்கைக்குள்ளும் வெள்ளவத்தைக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். "கொன்சோலுக்குக் கேம் வாங்குகிறவருக்கு நல்லது டிஸ்க்கா, டவுன்லோடா?" என்பது தலைப்பு. கொன்சோல் என்றால் டிவியோடு இணைத்துக் கேம் விளையாடுகிற பெட்டி. நான் டிஸ்க் பக்கம். எந்தப் பக்கம் பேசுகிறாய் என்று கேட்டபோது யோசிக்காமல் இந்தப் பக்கத்தைத்தான் கேட்டு வாங்கினேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி நன்றாகப் பேசினார். படுத்த இடத்தில் இருந்தே பட்டனை அமத்தினால் கேம் வந்துவிடும், டிஸ்க் மாற்ற எழும்பத் தேவையில்லை, மழைக்குள் பம்பலப்பிட்டிக் கேம் கடைகளுக்கு அலையத் தேவையில்லை, சேல் வந்தால் பாதிக்கு மேல் விலை குறையும் என்றார். எல்லாம் உண்மை, நான் ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் தம்பி, வாங்கும் வரைக்கும்தான் நீங்கள் பேசினீர்கள். வாங்கிய பிறகு, விளையாடி முடித்த பிறகு, அந்தக் கேமை என்ன செய்யலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே. என் வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

பெரிய கேம் ஒன்று புதிதாக வரும்போது அமெரிக்க விலை 70 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலே 21,000 ரூபாய் ஆகிறது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடமான ஒரு பொடியனுக்கு இது சின்னக் காசா? அவனால் இந்தப் பொழுதுபோக்கைத் தாங்க முடிகிறது என்றால் அதற்கு ஒரே காரணம், கொழும்பில் ஒரு டிஸ்க் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. நான் விளையாடி முடித்தால் தெஹிவளையில் இருக்கும் மச்சானுக்குப் போகும், அவன் முடித்தால் அவனுடைய ஒபிஸ் நண்பனிடம் போகும், கடைசியில் கடைக்குப் போய் மேலதிகமாகக் கொஞ்சக் காசு கட்டி வேறு கேமாக மாறி வரும்.

அந்தக் கடையைப் பார்த்திருக்கிறீர்களா? டிஸ்க்கை நீட்டினால் கடைக்கார நானா விலை சொல்ல மாட்டார். முதலில் பெட்டியைத் திறந்து, டிஸ்க்கை ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, டியூப் லைட்டுக்குக் கீழே சரித்துச் சரித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் கவர் கிழிந்திருக்கிறதா என்று தடவுவார். அதற்குப் பிறகுதான் விலை, அதற்குப் பிறகுதான் பேரம். பக்கத்தில் நிற்கிற ஸ்கூல் பிள்ளை நீங்கள் கொடுத்த கேமையே அங்கேயே எடுத்துப் பார்த்து, "இது நல்லமா அண்ணா?" என்று உங்களிடமே கேட்பான். ஐயா, டவுன்லோட் செய்த கேமுக்கு இப்படி ஒரு கடையே இருக்க முடியாது. நகை மாதிரித்தான் டிஸ்க்: போட்டு அழகும் பார்க்கலாம், கை இறுகும்போது காசாகவும் ஆக்கலாம்.

இந்த உரிமை சும்மா கிடைத்ததல்ல. 2013இல் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்பொக்ஸ் வன் கொன்சோலை அறிமுகப்படுத்தியபோது, 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை இணையத்தோடு தொடர்பு கொள்ள வேண்டும், பாவித்த டிஸ்க்கைக் கொடுத்து வாங்குவதற்குக் கட்டுப்பாடு வரும் என்று சொன்னது. உலகம் முழுக்க எதிர்ப்பு. அதே ஜூன் மாதம் ஈ3 என்ற கேம் கண்காட்சியின்போது போட்டி நிறுவனமான சோனி ஒரு வீடியோ போட்டது, அரை நிமிடம்கூட வராது. தன்னுடைய பிளேஸ்டேஷன் 4 கொன்சோலில் கேமை நண்பனோடு பகிர்வது எப்படி என்பதுதான் விஷயம். ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், மற்றவர் நன்றி சொல்லி வாங்குகிறார், முடிந்தது. மைக்ரோசொஃப்ட் சில நாளிலேயே அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அன்றைக்கு விளையாடுகிறவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கு நாம் இந்தத் தலைப்பில் பேசவே தேவை இருந்திருக்காது. டிஸ்க்கைக் கொடுத்து வாங்குகிற பழக்கத்தை அப்போதே மூடிக் கட்டியிருப்பார்கள்.

சரி, டவுன்லோடில் நாம் எதை வாங்குகிறோம்? கேமை வாங்குகிறோம் என்று எதிரணி சொல்கிறது. இல்லை ஐயா, லைசென்ஸை வாங்குகிறோம். விளையாட அனுமதி, அவ்வளவுதான். இது என் கற்பனை இல்லை. கலிபோர்னியா மாநிலம் 2024இல் இதற்கென்றே சட்டம் போட்டது: டிஜிட்டல் கடைகள் தாங்கள் விற்பது லைசென்ஸ்தான் என்பதை வாங்குகிறவருக்குத் தெளிவாகக் காட்ட வேண்டும். கொம்பியூட்டர் கேம்களை இணையத்தில் விற்கிற ஸ்டீம் கடையின் ஒப்பந்தத்தைப் பாருங்கள், அக்கவுண்டை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. உயில் எழுதி மகளுக்கு வைத்துவிட்டுப் போகவும் முடியாது. இருபது வருடமாகச் சேர்த்த கேம்கள், உங்களோடு முடிந்துவிடும். என் அலுமாரியில் இருக்கிற டிஸ்க்குக்கு அந்தக் கதி இல்லை, யார் வந்து எடுத்துப் போட்டாலும் ஓடும்.

இதிலே நம் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது, எதிரணி அதைத் தொடவே இல்லை. சோனியின் ஒன்லைன் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வேர்க் அதிகாரபூர்வமாக இயங்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. அதனால் இங்கே அக்கவுண்ட் திறக்கிறவர்கள் வேறு ஒரு நாட்டைத் தெரிவு செய்து, அந்த நாட்டு கிஃப்ட் கார்ட் தேடி வாங்கி, அதில் காசு ஏற்றிக் கேம் எடுக்கிறார்கள். அந்த கார்ட்டின் விலைக்கு மேலே விற்கிறவரின் லாபம் வேறு. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 கேமுக்கு என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? கொம்பியூட்டரில் விளையாடுகிறவர்களும் பிளேஸ்டேஷன் அக்கவுண்டை இணைக்கத்தான் வேண்டும் என்று சோனி சொன்னது. அந்தச் சேவை இல்லாத 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் அந்தக் கேம் ஸ்டீமில் விற்பனைக்கு இல்லாமல் போனது. எதிர்ப்பு வெடித்த பிறகுதான் அந்தக் கட்டாயத்தை எடுத்தார்கள். யாரோ தூர தேசத்தில் ஒரு பட்டியலில் கோடு போட்டால் நம் வீட்டுக் கேம் ஆட்டம் காணும். புறக்கோட்டையில் வாங்கிய டிஸ்க் நீங்கள் எந்த நாட்டுக்காரர் என்று கேட்காது.

கடையே மூடிவிட்டால்? நிண்டெண்டோ 2023 மார்ச் 27இல் தன்னுடைய பழைய கொன்சோல்களான 3டிஎஸ், வீ யூ இரண்டுக்குமான ஒன்லைன் கடையில் விற்பனையை நிறுத்தியது. எக்ஸ்பொக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29இல் மூடப்பட்டது. முன்பு வாங்கியதைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம், புதிதாக வாங்க வழியில்லை. அங்கே மட்டும் விற்ற சின்னச் சின்னக் கேம்கள் எத்தனையோ, அதோடு சரி. 2014இல் பிளேஸ்டேஷன் 4இல் இலவசமாக வந்த பி.டி. என்ற பயமுறுத்தும் கேமைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு வீட்டுக்குள் ஒரே நடைபாதையைத் திரும்பத் திரும்ப நடப்பதுதான் முழு விளையாட்டும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மாறியிருக்கும், கதவைத் திறக்கவே கை வராது. அடுத்த வருடம் ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள், பிறகு முன்பு இறக்கியவர்களுக்குக்கூடத் திரும்ப எடுக்க முடியவில்லை. அது அழியாமல் மிச்சம் இருந்த பழைய கொன்சோல்களை ஆட்கள் கூடிய விலைக்கு விற்றார்கள். அது ஒரு டிஸ்க்கில் வந்திருந்தால், இன்றைக்கும் பம்பலப்பிட்டியில் எங்காவது ஒரு தட்டில் கிடந்திருக்கும்.

எதிரணி அக்கா ஒரு நல்ல கேள்வி கேட்டார், அதை நான் தாண்டிப் போகப் போவதில்லை. "த க்ரூ கேமை டிஸ்க்கில் வாங்கியவர்களும்தானே ஏமாந்தார்கள்?" ஓம், ஏமாந்தார்கள். 2014இல் வந்த அந்தக் கார் ஓட்டும் கேம் இணையம் வழியாகச் சார்ந்திருந்த சர்வரை, அதை வெளியிட்ட யுபிசொஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31இல் நிறுத்தியதும், தனியாக ஓட்டக்கூட முடியாமல் டிஸ்க் பிரயோசனமற்றுப் போனது. ஆனால் அக்கா, அந்தக் கேமைக் கொன்றது சர்வரை நம்பி மட்டும் கட்டிய முறை. அதாவது டிஸ்க்குக்குள்ளும் உங்கள் கட்சியின் நோய் புகுந்ததால் வந்த சாவு அது. அதை எதிர்த்துத் தொடங்கிய இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 2025இல் பத்து லட்சத்துக்கு மேலே கையொப்பம் விழுந்தது. மற்றப் பக்கம், 2015இல் வந்த பிளட்போர்ன் என்ற கேமின் டிஸ்க்கை இன்றைக்கு இணையமே இல்லாத வீட்டில் போட்டாலும் முதலில் இருந்து முடிவு வரை விளையாடலாம்.

டிஸ்க் என்ற பெயரில் ஏமாற்றுகிறவர்கள் மேல் எனக்கும் கோபம் இருக்கிறது. 2022இல் வந்த கோல் ஒஃப் டியூட்டி என்ற போர்க் கேமின் பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கில் இருந்தது ஏறக்குறைய 70 எம்பி மட்டும், மிச்சமெல்லாம் டவுன்லோட். பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கில் 100 ஜிபி வரை கொள்ளுமே! நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கொன்சோலுக்கு வருகிற கேம்-கீ கார்ட் என்பதும் இந்த வகைதான், அந்த கார்ட்டுக்குள் கேம் இல்லை, டவுன்லோட் செய்து விளையாடத் திறப்பு மட்டும் இருக்கிறது. கைமாற்றலாம் என்ற அளவில் அதை ஒத்துக்கொள்ளலாம், சர்வர் போனால் அதுவும் போகும். வாங்க முதல் பெட்டியின் முன்பக்கத்தைப் பாருங்கள், டவுன்லோட் தேவை என்று அங்கே போட்டிருக்கும்.

இந்த ஊரில் இணையத்தை நம்பி ஒரு பொழுதுபோக்கு என்பது எனக்கு என்றைக்கும் பொருந்தாத கதை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. கரண்ட் இருந்த கொஞ்ச நேரத்தில் 80 ஜிபி இறக்குவதா, ஆசை தீர விளையாடுவதா? டிஸ்க் இருந்தவன் போட்டான், கொஞ்சம் பொறுத்தான், விளையாடினான். நல்ல நாளிலும் மாதக் கடைசியில் வீட்டு டேட்டா முடியும் நேரத்தில் ஒரு பெரிய டவுன்லோடைப் போட்டுப் பாருங்கள், அம்மாவுக்கு கனடாவில் இருக்கும் சித்தியோடு வீடியோ கோல் பேச முடியாது, வீட்டில் சண்டைதான்.

கடைசியாக ஒரு குற்றச்சாட்டு. இங்கே டிஸ்க் என்றாலே பிளேஸ்டேஷன் 2 காலத்து நகல் டிஸ்க்தானே, அதற்கா வக்காலத்து என்று எதிரணி கேட்டது. அந்தக் காலத்தில் இங்கே ஓடியது பெரும்பாலும் நகல்தான், கீறல் விழுந்தால் பற்பசை போட்டுத் துடைத்துப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பார்கள். ஆனால் நகலில் இருந்து ஒரிஜினலுக்கு நம் பிள்ளைகளை மாற்றியது எது? பாவித்த ஒரிஜினல் டிஸ்க், தாங்கக்கூடிய விலையில், திருப்பிக் கொடுக்கலாம் என்ற நம்பிக்கையோடு கடையில் கிடைத்ததுதான். அந்த வழியை அடைத்தால் அவர்கள் 21,000 ரூபாய்க்கு டவுன்லோட் வாங்குவார்கள் என்று எதிரணி உண்மையிலேயே நினைக்கிறதா?

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். கொம்பியூட்டருக்கு ஜிஓஜி மாதிரிக் கடைகள் பூட்டுப் போடாமல் கேமை விற்கின்றன, இறக்கி ஹார்ட் டிரைவில் வைத்துக்கொண்டால் கடை மூடினாலும் ஓடும். கொன்சோல்காரர்களும் அப்படி விற்கத் தொடங்கட்டும், டவுன்லோட் மேல் எனக்கு இருக்கிற கோபம் பெரும்பகுதி தீரும். இப்போது நடப்பது நேர்மாறு. 2024 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 ப்ரோ வந்தபோது விலை 700 டொலர், அதில் டிஸ்க் டிரைவ் கிடையாது, தனியாக 80 டொலர் கொடுத்து வாங்கிப் பூட்ட வேண்டியிருந்தது. நடுவர் ஐயா, தீர்ப்பு உங்களுடையது. ஆனால் இந்த மண்டபத்தில் யாராவது இந்த வருடம் கொன்சோல் வாங்க இருந்தால், தயவுசெய்து டிரைவ் இருக்கிறதை வாங்குங்கள், வாங்கிய முதல் டிஸ்க்கை முடித்ததும் எனக்குச் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ள என்னிடம் கேம் இருக்கிறது. நன்றி, வணக்கம்.