பத்து நிமிடப் பார்வை நேரம்

நேயர்களுக்கு வணக்கம். முப்பத்தொரு ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் கழிந்தது. கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, "ஒருவர் மட்டும் வாருங்கள், செருப்பை வெளியே விடுங்கள், பத்தே நிமிடம்" என்று எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேனோ! மூன்று ஆண்டுகளுக்கு முன், அதே மாதிரி ஒரு கதவுக்கு வெளியே நான் நிற்க வேண்டி வந்தது.

உள்ளே கிடந்தவள் என் தோழி, பயிற்சிக் காலத்தில் என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவள். மேலூருக்கு அருகே நான்குவழிச் சாலையில் ஸ்கூட்டரில் போனபோது நாய் குறுக்கே பாய்ந்துவிட்டது. தலையில் பலத்த அடி, தொடை எலும்பும் விலா எலும்புகளும் முறிவு. ஹெல்மெட் போட்டிருந்தாள், தாடைப் பட்டையை மாட்டவில்லை. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், விடுங்கள்.

முதல் நாள் கிடைத்த பத்து நிமிடத்தை எப்படிச் செலவழித்தேன் தெரியுமா? தலைமாட்டில் இருந்த திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாடித்துடிப்பு எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு, சிறுநீர்ப் பையில் எத்தனை மில்லி. பழக்க தோஷம். என் மகள் வயதுச் செவிலியர் ஒருவர் மெல்ல வந்து, "அம்மா, அதைப் பார்க்க நாங்கள் இருக்கிறோம். நீங்கள் அவரைப் பாருங்கள்" என்றார். சுருக்கென்றது. அப்புறம்தான் பார்த்தேன். முகம் வீங்கிக் கண் கோடாகிக் கிடந்தது. வாய் ஓரத்தில் செயற்கைச் சுவாசக் குழாயை நிறுத்திய பிளாஸ்திரி. இடது கை விரல் நுனிகளில் மருதாணிச் சிவப்பு இன்னும் போகவில்லை. நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்தது.

அந்தத் திரை இருக்கிறதே, பார்க்க வருகிறவர்கள் எல்லாரையும் அது இழுத்துக்கொள்ளும். பீப் பீப் என்று கத்தினால் நமக்கு உயிரே போனது போல் ஆகிவிடும். பல சமயம் விஷயம் என்னவென்றால், விரலில் மாட்டிய கிளிப் நழுவியிருக்கும், இல்லை, விரல் சில்லிட்டிருக்கும். செவிலியர் பதறாமல் வந்து கிளிப்பை வேறு விரலுக்கு மாற்றுவார். அவர் பதறாவிட்டால் நீங்களும் பதற வேண்டாம்.

இத்தனை இயந்திரங்களும் பின்னால் வந்தவை. 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுவிட முடியாத குழந்தைகளுக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தச் செய்தார் பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர். ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்று கொடுத்தவர்கள் மருத்துவ மாணவர்கள். ஏறத்தாழ 1500 பேர், இரவு பகலாக, முறை வைத்து. படுக்கைக்கு ஒருவர் என்று உட்கார்ந்து பிறருடைய மூச்சைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்பதே அங்கிருந்துதான் உருவாகி வந்தது. முதலில் பக்கத்தில் இருந்தது ஆள், இயந்திரம் அப்புறம். இதை நான் பயிற்சி மாணவிகளிடம் சொல்லிச் சொல்லி அவர்களுக்கே அலுத்துப்போனது.

இன்னொன்று. டாக்டர் "பதினைந்துக்கு எட்டு" என்றால், பாதிக்கு மேல் மார்க் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது நோயாளிக்கு நினைவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, 1974இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இரண்டு மருத்துவர்கள் வகுத்த அளவு. கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது, மூன்றையும் பார்த்துப் போடுவது. ஒன்றுமே செய்யாதவருக்கும் அதில் 3 உண்டு. எட்டு என்றால் ஆழ்ந்த மயக்கம். குழாய் குரல்நாண்களுக்கு நடுவே போவதால் பேச்சைச் சோதிக்கவும் முடியாது. ஆகையால் எண்ணைக் கேட்டுக் கணக்குப் போடாதீர்கள். நேற்றைக்கு இன்று எப்படி என்று கேளுங்கள்.

பேச முடியாதவருக்கும் காது கேட்கலாம். மயக்க மருந்தில் கிடப்பவருக்கும் கேட்கக்கூடும் என்று வைத்துக்கொண்டே பேச வேண்டும். கால்மாட்டில் நின்றுகொண்டு ஆஸ்பத்திரிச் செலவையும் போலீஸ் கேஸையும் அலசுகிறவர்களை நான் வெளியே அனுப்பியிருக்கிறேன். கையைக் கழுவிவிட்டு, அவர் கையைப் பிடித்து, "நான் இன்னார் வந்திருக்கிறேன், இன்று செவ்வாய்க்கிழமை, நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறாய்" என்று சொல்லுங்கள். நாள், இடம், பேர். நாள், இடம், பேர்.

பத்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். அவள் என்னிடம் முதலில் கேட்டது, "அடுத்த ஸ்டேஷன் எது?" ரயிலில் போவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். கையில் ஏற்றியிருந்த ஊசியைப் பிடுங்கப் பார்த்ததால் மணிக்கட்டில் துணி கட்டியிருந்தார்கள். அவள் கணவர் கண்கலங்கிவிட்டார். தீவிர சிகிச்சையில் இந்தக் குழப்பம் வெகு சாதாரணம், பலருக்கும் நாளாக ஆகத் தெளியும். நான் அவரிடம் பழைய கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டேன். புதியது விபத்தில் நொறுங்கிவிட்டது. மறுநாள் கொண்டுவந்தார், ஒரு பக்கக் காம்புக்குப் பதில் நூல் கட்டியது. மாட்டிவிட்டதும் எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தை வெகுநேரம் பார்த்தாள். "ஐந்தே கால். ரயிலில் கடிகாரம் ஏது?" என்றாள். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் தூக்கிக்கொண்டு போகிறவர்களே, அங்கே பழத்தை உள்ளே விட மாட்டார்கள். நோயாளியின் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் கொண்டுபோகலாமா என்று செவிலியரிடம் கேளுங்கள்.

ஸ்டுடியோவின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். விபத்து நடந்த இடத்தில் என்ன செய்வது என்று சொல்லத்தான் பாதிக் காகிதம் எழுதி வந்தேன். சுருக்கமாக: அடிபட்டவரை ஆட்டோவில் மடக்கித் திணிக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். நல்லெண்ணத்தோடு உதவுகிறவரை வழக்கில் இழுக்காமல் இருக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் 134ஏ என்று ஒரு பிரிவே சேர்த்திருக்கிறார்கள். தோழியைத் தூக்கியவர் இளநீர் விற்கிறவர். அவர் கதையை அடுத்த முறை கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.