நஞ்சுக்கொடி நலமா? ரிப்போர்ட்டில் எந்த வரியைப் பார்ப்பது

வணக்கம் மக்களே. ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலர் தேடுவது ‘ஆன்டீரியரா, போஸ்டீரியரா’ என்பதைத்தான். நஞ்சுக்கொடி முன்சுவரில் ஒட்டியிருக்கிறதா, பின்சுவரிலா என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அதை வைத்து ஆணா பெண்ணா என்று கணக்குப் போடுபவர்களை விட்டுவிடுவோம். அப்புறம் கிரேடு. 0 முதல் 3 வரை, சுண்ணாம்பு படிவதைப் பார்த்துப் போடும் எண். மாதம் ஏற ஏற அதுவும் ஏறும். நிறைமாதத்தில் கிரேடு 3 என்றால் அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

நஞ்சுக்கொடி ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதற்கு ரத்த ஓட்டத்தைத்தான் கேட்க வேண்டும். அதுதான் டாப்ளர். ஊசி கிடையாது, வலி கிடையாது. அதே ஸ்கேன் மெஷின்தான். தொப்புள்கொடித் தமனியில் குறி வைத்ததும் திரையில் ரம்பப் பல் மாதிரி ஓர் அலை ஓடும். உச்சி, குழந்தையின் இதயம் சுருங்கும் நேரம். எனக்கு முக்கியம் உச்சி இல்லை, இரண்டு உச்சிகளுக்கு நடுவே இருக்கும் பள்ளம். இதயம் ஓய்வெடுக்கும் அந்த நொடியிலும் ரத்தம் நஞ்சுக்கொடியை நோக்கிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே நுண்ணிய குழாய்கள் கெட்டுப்போனால் எதிர்ப்பு கூடும், பள்ளம் இறங்கும். அலைக்கு அடியில் இருக்கும் பூஜ்யக் கோட்டைத் தொட்டுவிட்டால் கவலைக்குரியது. கோட்டுக்குக் கீழே போனால் ரத்தம் திரும்பி வருகிறது என்று பொருள். எத்தனை வாரம் ஆகிறது என்பதைப் பார்த்துப் பிரசவத்தைப் பற்றியே முடிவெடுக்க வேண்டிய கட்டம் அது.

அந்த நிலையில் குழந்தை சும்மா இருப்பதில்லை. கிடைக்கிற ரத்தத்தை மூளைக்குத் திருப்பிவிடும். அதனால்தான் டாக்டர்கள் மூளைத் தமனியையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

தாயின் பக்கம் கருப்பைத் தமனி. 11 முதல் 14 வாரத்துக்குள் அதன் ஓட்டம், ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி சுரக்கும் பிஎல்ஜிஎஃப் புரதத்துக்கான ரத்தப் பரிசோதனை, இவற்றைச் சேர்த்து ப்ரீஎக்ளாம்சியா, அதாவது கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறித் தாயையும் குழந்தையையும் பாதிக்கும் நோய், வரும் வாய்ப்பைக் கணிக்கிறார்கள். வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தவர்களுக்கு தினமும் இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த ஆஸ்ப்ரே ஆய்வு 2017இல் வெளியானது. 37 வாரத்துக்கு முன் வரும் ப்ரீஎக்ளாம்சியா 62 சதவீதம் குறைந்தது. டாக்டர் சொல்லாமல் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

சரி, எல்லோரும் மாதாமாதம் டாப்ளர் எடுக்கலாமா? தேவையில்லை. ரத்த அழுத்தம், குழந்தை வளர்ச்சிக் குறைவு போன்ற சிக்கல் உள்ளவர்களுக்கு அது உயிர் காக்கும். சிக்கலே இல்லாதவர்களுக்கு வழக்கமாக எடுப்பதால் பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. நஞ்சுக்கொடியின் ஆக்சிஜனை எம்ஆர்ஐயில் அளக்கும் முயற்சிகளும் நடக்கின்றன, ஆனால் அவை இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சி அளவில்தான்.

டாப்ளர் நார்மல் என்று வந்திருந்தாலும், குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அப்போதே கிளம்பிப் போய்க் காட்டிவிடுங்கள்.