கேள்வி கேட்கக் கூடாத ஒரு நிமிஷம்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷம் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பள்ளிக்கூடத்தில் பரிணாமத்தைச் சொல்லிக்கொடுப்பதா, கடவுள் படைத்தார் என்று சொல்லிக்கொடுப்பதா என்கிற சண்டையைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டபோது எனக்கு டார்வினின் தாடி ஞாபகம் வரவில்லை, மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவிதான் ஞாபகத்துக்கு வந்தாள். "சார், ஆறு நாள்ல படைச்சார்னு எங்க சபையில சொல்றாங்க, நீங்க கோடிக்கணக்கான வருஷம்னு சொல்றீங்க, நான் எதை எழுத?" என்று எழுந்து நின்று கேட்டாள். மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது, போர்ஷன் முடியவில்லை. "பரீட்சையில புத்தகத்துல இருக்கிறதை எழுதும்மா, உட்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

சரி, என் கதை இருக்கட்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே பள்ளிகளை நடத்துவது ஒரு வாரியம், அதன் உறுப்பினர்களை ஊர்க்காரர்களே வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2004 அக்டோபரில் அந்த வாரியம், டார்வின் கோட்பாட்டில் உள்ள ஓட்டைகளையும் அதற்கு மாற்றான விளக்கங்களையும் மாணவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று ஆறுக்கு மூன்று கணக்கில் தீர்மானம் போட்டது. அடுத்த மாதம் ஒரு அறிக்கை தயாரானது. நாலே பத்தி, வாசித்தால் ஒரு நிமிஷம் ஆகும். டார்வின் சொன்னது ஒரு கோட்பாடுதான், அது உண்மை என்று ஆகிவிடாது, உயிர்களை ஏதோ ஒரு அறிவு திட்டமிட்டு உருவாக்கியது என்கிற 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று வேறொரு விளக்கமும் உண்டு, வேண்டுமென்றால் அதற்கு ஒரு புத்தகம் இருக்கிறது, மனதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். ஒன்பதாம் வகுப்பில் பரிணாமப் பாடம் தொடங்குமுன் உயிரியல் ஆசிரியர் இதை வாசிக்க வேண்டும்.

ஆசிரியர்கள் மாட்டோம் என்றுவிட்டார்கள். இது அறிவியல் இல்லை, அறிவியல் என்று பிள்ளைகளிடம் சொல்ல எங்களால் முடியாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் 2005 ஜனவரியில் நிர்வாக அதிகாரிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். இதில் என்னை உறுத்துவது வாசித்த விஷயத்தைவிட அதோடு வந்த நிபந்தனை: இதைப் பற்றி மேற்கொண்டு விவாதம் கிடையாது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார்கள். பதினாலு வயசுப் பிள்ளைகளிடம் மனதைத் திறந்து வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள் என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

'தியரிதானே' என்கிற வார்த்தை நமக்கும் புதிதல்ல. நம் ஊரில் தியரி என்றால் பிராக்டிகலுக்கு உதவாத, உருப்போட்டு மார்க் வாங்கும் சமாச்சாரம். அறிவியலில் அப்படி இல்லை. அணுக்கோட்பாடும் தியரிதான், நோய்க்குக் கிருமி காரணம் என்பதும் தியரிதான், அதற்காக யாரும் ஆபரேஷன் தியேட்டருக்குள் கை கழுவாமல் போவதில்லை.

அங்கே பதினொரு பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அவர்களை நாத்திகக் கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், அவர்களிலேயே கோடையில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிற ஒரு தம்பதி இருந்தார்கள். பெற்றோர் தரப்பில் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர். நீதிபதி ஜான் ஜோன்ஸ், ஜார்ஜ் புஷ் நியமித்தவர்.

வழக்கில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இல், பரிணாமத்தோடு படைப்பியலையும் சேர்த்து நடத்த வேண்டும் என்ற லூசியானா மாநிலச் சட்டத்தைச் செல்லாது என்று அடித்துவிட்டது, அரசுப் பள்ளியில் மதம் நுழைகிறது என்று. அறிக்கை சிபாரிசு செய்த அந்தப் புத்தகத்தின் பழைய கையெழுத்துப் பிரதிகளைப் பெற்றோரின் வக்கீல்கள் சம்மன் போட்டு வாங்கிப் பார்த்தார்கள். அந்த 1987 தீர்ப்புக்கு முந்தைய பிரதிகளில் 'படைப்புவாதிகள்' என்று இருந்த இடங்களில் பிந்தைய பிரதியில் 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்று இருக்கிறது, வாக்கியம் மட்டும் அப்படியே. ஒரு இடத்தில் மாற்றியவர் அவசரப்பட்டிருக்கிறார். 'கிரியேஷனிஸ்ட்ஸ்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லின் தலையும் வாலும் ஒட்டிக்கொண்டு 'சிடிசைன் புரொப்போனென்ட்சிஸ்ட்ஸ்' என்று நிற்கிறது! மைக் முன்னால் இதைச் சொல்வதற்குள் எனக்கு நாக்குச் சுளுக்கிவிட்டது. தமிழில் என்றால் 'படைவடிவமைப்பு ஆதரவாளர்கள்வாதிகள்' என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகையை மாற்றிய கடைக்காரர் பழைய பலகையின் ஒரு ஓரத்தைக் கழற்ற மறந்த கதை.

அப்புறம் வாரியத்தின் பக்கம் வந்த முக்கிய சாட்சி, மைக்கேல் பீஹி என்ற உயிர்வேதியியல் பேராசிரியர். குறுக்கு விசாரணையில், நீங்கள் அறிவியலுக்குச் சொல்லும் வரையறைப்படி சோதிடமும் அறிவியல் ஆகுமா என்று கேட்டார்கள். ஆகும் என்று ஒப்புக்கொண்டார். (சிரிக்க வேண்டாம், பல்கலைக்கழகங்களில் சோதிடத்தைப் படிப்பாக வைக்கும் மானியக் குழுவின் திட்டத்தில் தலையிட மாட்டோம் என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னதும் டோவர் வாரியம் தீர்மானம் போட்ட அதே 2004இல்தான்.) நோய் எதிர்ப்பு மண்டலம் பரிணாமத்தில் எப்படி வந்தது என்பதற்கு அறிவியலில் விடையே இல்லை என்று அவர் எழுதியிருந்தார். அதைப் பற்றி வெளிவந்த 58 ஆய்வுக் கட்டுரைகளையும் ஒரு அடுக்குப் புத்தகங்களையும் வக்கீல் அவர் முன்னால் கொண்டுவந்து குவித்தார். இவை போதாது என்றார் பேராசிரியர்.

நம் நாட்டில் 2023இல், மத்திய அரசின் பாடப்புத்தகங்களைத் தயாரிக்கும் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்துவிட்டது, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்றார்கள். யாரும் கடவுளை இழுக்கவில்லை, பாடச்சுமை என்றார்கள், அதனால் இதை டோவரோடு ஒன்றாக்கிப் பேச நான் தயாரில்லை. ஆனால் பத்தோடு உயிரியலை விடுகிற பிள்ளைதான் அதிகம், அந்தப் பிள்ளைக்கு இனி அந்தக் கேள்வியே வராது. என் மாணவிக்காவது வந்தது, பதில் சொல்லாமல் தட்டிக்கழித்தவன் நான். போர்ஷன் பேரில் நானும் அந்த அதிகாரிகள் செய்ததைத்தான் செய்திருக்கிறேன் என்று டோவர் வழக்கைப் படித்தபோதுதான் உறைத்தது. உன் சபை சொல்வது நம்பிக்கை, இந்த வகுப்பில் நாம் பேசுவது பாறையிலும் எலும்பிலும் மரபணுவிலும் கிடைத்த தடயம், எதை வேண்டுமானாலும் சந்தேகப்படு, வா உட்கார்ந்து பேசுவோம் என்று சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிஷம் தாராளமாகப் போதும்.

2005 நவம்பர் 4ஆம் தேதி விசாரணை முடிந்தது. நான்கு நாள் கழித்து வந்த வாரியத் தேர்தலில், மறுபடி போட்டியிட்ட எட்டு உறுப்பினர்களும் தோற்றுப்போனார்கள். டிசம்பர் 20 அன்று வந்த 139 பக்கத் தீர்ப்பு, அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல, அதைப் பள்ளியில் புகுத்தியது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. வாரிய உறுப்பினர் ஒருவர் தன் சர்ச்சில் வசூலித்த 850 டாலர்தான் அந்தப் புத்தகங்களை வாங்கிய பணம் என்பதும், அது எங்கிருந்து வந்தது என்று முன்பு கேட்டபோது மறைத்தார்கள் என்பதும் தீர்ப்பில் இருக்கிறது. மதத்தைப் பற்றி ஊரறியப் பெருமை பேசியவர்கள் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னார்களே என்று நீதிபதியே வருத்தப்பட்டிருக்கிறார்.

பில்லைக் கட்டியது புது வாரியம், அந்த அறிக்கையை எதிர்த்து ஜெயித்தவர்கள். வக்கீல் செலவும் நஷ்ட ஈடும் சேர்த்து 10,00,011 டாலர். கடைசியில் நிற்கிற பதினொன்று, வழக்குப் போட்ட பதினொரு பெற்றோருக்கும் தலைக்கு ஒரு டாலர். நன்றி, வணக்கம்.