சண்டை நடக்கவில்லை என்றால் திட்டியது குற்றமில்லையா?

வணக்கம். தொண்டியிலிருந்து ஒரு தம்பி அனுப்பிய கேள்வி இரண்டு நாளாக மனசை விட்டுப் போகவில்லை. மீன் ஏலத்தில் பத்துப் பேர் முன்னால் ஒருவர் இவருடைய தாயைச் சேர்த்துக் கேவலமாகப் பேசி, “ஆம்பளையா இருந்தா கைய வைடா” என்றிருக்கிறார். இவர் கையை வைக்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். “சண்டையே நடக்கலையே சார், அப்போ அது குற்றமில்லையா?” என்று கேட்கிறார்.

குற்றம்தான் தம்பி. பழைய இ.பி.கோ. பிரிவு 504; 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 352. 2 வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வேண்டுமென்றே அவமதித்தாரா? அது ஆளைச் சீண்டிவிடும் பேச்சா? சீண்டினால் அடிதடியாகும் என்று தெரிந்தே பேசினாரா? இவ்வளவுதான் பார்ப்பார்கள். அடி விழுந்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. “கைய வைடா” என்றாரே, நோக்கத்தை அவரே வாயால் சொல்லிவிட்டார்! உங்கள் பொறுமை அவரைக் காப்பாற்றாது.

என் பேச்சை வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு, சின்ன நாட்டுப்படகில் மீன்பிடிக்கும் அந்த வல்லக்காரர் நினைவிருக்கும். கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983ஆம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டமே இருக்கிறது. அதற்குள் வந்த படகு இவர் வலையை அறுத்துவிட்டது. நியாயம் கேட்கப் போன இடத்தில் அசிங்கமாகத் திட்டினார்கள். இவர் துடுப்பை எடுத்துவிட்டார். எதிராளிக்கு மூன்று தையல். வலை போன கதையும் திட்டிய கதையும் பின்னால் போய், கேஸில் முதல் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், இவர்தான். என் திண்ணையில் அறுந்த நரம்பு வலைத் துண்டை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஆத்திரத்தில் அடித்தது என்றால் தண்டனை குறையலாம்; கேஸ் இல்லாமல் போகாது.

சரி, இனி என்ன செய்வது என்றுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இந்தப் பிரிவில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. அதனால் ஸ்டேஷனில் கேஸ் பதியாமல் ரசீது மட்டும் கொடுத்தால் மனம் தளராதீர்கள், கோர்ட்டில் தனிப்புகார் போடலாம். 3 வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் இன்றைக்கு ராத்திரியே ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன நேரம், யார் யார் நின்றார்கள், என்ன வார்த்தை. “தகாத வார்த்தையால் திட்டினார்” என்று பூசி மெழுக வேண்டாம். கூச்சப்படாமல் சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். வார்த்தைக்கு வார்த்தை புகாரில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2013இல் ஃபியோனா ஸ்ரீகண்டே வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் எந்த அளவுக்குக் கேவலப்படுத்தினார் என்பது அந்த வார்த்தையைப் பார்த்தால்தான் தெரியும்.

பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால் அதற்கு 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, அதைத் தனியாகவே பேசியிருக்கிறேன்.

அப்புறம், இது சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம். அந்த உரிமை அவமதிக்கப்பட்ட உங்களுக்குத்தான். ஊர்ப் பெரியவர்கள் பேச வந்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: வருத்தம் சொல்வதாக இருந்தால் அதே ஏலக்கூடத்தில், அதே பத்துப் பேர் முன்னால் சொல்லட்டும்.