அத்திக் குச்சி எதில் வேர் பிடிக்கும்?

நேயர்களுக்கு வணக்கம். நான் பேசப்போவது சீமை அத்தியைப் பற்றி. ஆற்றோரம் தானாக வளர்கிற நாட்டு அத்தி வேறு. கடையில் நாரில் கோத்து உலர்பழமாக விற்கிறார்களே, அந்த அத்தி இது.

இதற்கு விதை தேவையில்லை. பென்சில் கனத்தில் ஒரு சாண் முற்றிய குச்சி, அதில் மூன்று நான்கு கணு இருந்தால் போதும். அடி வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். பால் வடியும், கையில் பட்டால் அரிக்கும், கழுவிவிடுங்கள். பால் நின்று வெட்டு உலர்ந்ததும் நடலாம்.

எதில் நடுவது? தோட்டத்துச் செம்மண்ணைத் தொட்டியில் அப்படியே நிரப்பித் தினமும் தண்ணீர் ஊற்றினால் குச்சி அழுகும். வேர் இல்லாத குச்சி எவ்வளவு தண்ணீரைக் குடித்துவிடும்? அதன் அடிக்கு ஈரத்தைப் போலவே காற்றும் வேண்டும்.

பாட்டில் தண்ணீரிலும் வேர் வரும். ஆனால் அது சுலபமாக ஒடியும்; மண்ணுக்கு மாற்றினால் வாடும். ஆற்று மணலில் தண்ணீர் தேங்காது, ஆனால் நம் வேலூர் வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும். எம்-சாண்ட் என்றால் மாவு போகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் இறுகிவிடும். தேங்காய் நார்த்தூள் ஈரத்தை நன்றாகப் பிடிக்கும். அதில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும்.

என் கட்சி, பாதி நார்த்தூள், பாதி கருக்கிய உமி. கலவையில் காற்றோட்டத்துக்காகச் சேர்க்கிற வெள்ளைப் பொரி மாதிரியான பெர்லைட்டைக் காசு கொடுத்து வரவழைக்கிறோம். ஆரணிப் பக்கம் அரிசி ஆலைகளுக்குப் பஞ்சமா? உமியைக் கருக்கினால் அந்த வேலையை அதுவே செய்யும், உள்ளே காற்றோட்டம் தரும். வெளுத்த சாம்பலாகும்வரை எரிக்காதீர்கள். சாம்பலில் காரத்தன்மை அதிகம். கலவையைக் கையில் பிழிந்தால் ஓரிரு துளி சொட்டலாம், ஒழுகக் கூடாது.

அப்புறம், முக்கியமான ஒன்று. சில நாளிலேயே துளிர் வந்துவிடும். வேர் பிடித்துவிட்டது என்று நம்பாதீர்கள். குச்சியில் சேர்த்து வைத்திருந்த உணவில்தான் அந்த இலை விரிகிறது. அதை நம்பி வெயிலுக்குத் தூக்கி வைத்து, தண்ணீரையும் கூட்டினால், நல்ல குச்சியும் போய்விடும். அதனால்தான் அடியில் ஓட்டை போட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கப்பில் நடச் சொல்கிறேன். வேர் பக்கவாட்டில் ஓடுவது கண்ணுக்கே தெரியும். வெளிச்சம் படாமல் கப்பைக் காகிதத்தால் சுற்றி வையுங்கள், பார்க்கும்போது மட்டும் எடுங்கள்.

தை மாதம் கவாத்து செய்த குச்சிகள் இதற்கு ஏற்றவை. நிழலில் வைத்தால் ஒன்றிரண்டு மாதத்தில் வேர் கப்பை நிறைக்கும். அப்போது பெரிய பைக்கு மாற்றுங்கள். அக்கினி நட்சத்திரம் முடியும்வரை நிழலை விட்டு நகர்த்த வேண்டாம். ஆடி மழை விழுந்ததும் தரையில் நட்டுவிடலாம்.