போதிகைக்குக் கீழே உட்கார்ந்து

(செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தில், பேசியது)

பெரியவர்களே, ஆச்சிமாரே, தம்பி தங்கைகளே,

கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். இந்த வளவைச் சுற்றி நிற்கும் தேக்குத் தூண் ஒவ்வொன்றின் மேலும் உத்தரத்தைத் தாங்கும் செதுக்குக் கட்டை, போதிகை, இருக்கிறது. அதன் நுனியில் தொங்குவது என்ன? வாழைப்பூ என்கிறீர்கள். சரி. எத்தனை மடல்? இந்த வீட்டில் பிறந்தவர்களே யோசிக்கிறீர்கள். அதை ஒருமுறை பென்சிலால் வரைந்தவர் யோசிக்கமாட்டார், எண்ணியிருப்பார்.

பென்சிலுக்கும் ஒரு கதை உண்டு. போரினால் இங்கிலாந்துக் கிராஃபைட் பிரான்சுக்கு வராமல் போனது. 1795இல் கோந்தே என்பவர் கிராஃபைட் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டார். மண் கூடினால் கூரிய கோடு, குறைந்தால் கருத்த நிழல். அடுத்த நூற்றாண்டில் கட்டடம் படிக்கப் போனவர்களின் பையில் இரண்டு வகையும் இருந்தன.

1849 குளிர்காலத்தில் ஜான் ரஸ்கின் என்ற ஆங்கிலேயக் கலை விமர்சகர் இத்தாலியின் வெனிஸுக்குப் போனார். அந்நகரை ஆண்ட டோஜ் என்ற தலைவர்களின் அரண்மனையில், கீழ்வரிசையில் 36 தூண்கள். 36 தூண்தலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிப்பெழுதினார். அவர் ஓவியங்களில் என்னை மயக்குவது முடிக்காமல் விட்ட இடங்கள்தான். ஓர் இலை மட்டும் நரம்போடும் நிழலோடும் நிற்கும். மீதியெல்லாம் வெறும் கோடு. விஷயம் பிடிபட்டதும் கை நின்றுவிட்டது! 1876இல் தொடங்கிய பழுதுபார்ப்பில் அந்தத் தூண்தலைகள் சிலவற்றைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் செதுக்கி வைத்தார்கள்.

நம்மவரும் ஒருவர் உண்டு. ராம் ராஸ், தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் நீதிபதியாக இருந்தவர். சிற்ப நூல்களைப் படித்து, கோயிலின் அடிப்பீடமான அதிஷ்டானம், தூண், கருவறை மேல் எழும் விமானம் என்று அளவு வரைபடங்களோடு எழுதினார். அது 1834இல் லண்டனில் அச்சானபோது அவர் உயிரோடு இல்லை.

எங்கள் ஐயா வீட்டைப் பங்கு பிரிக்க முடியாமல் இடித்தார்கள். முகப்புத் தூண்கள் காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடைக்குப் போயின. என்னிடம் மிஞ்சியது ஒரு கல்யாணப் புகைப்படம். அதில் தூணை வாழைமரம் மறைக்கிறது, போதிகையைத் தோரணம் மறைக்கிறது. பத்து வயதில் ஒரு மத்தியானம் அந்தப் போதிகையின் கீழே உட்கார்ந்து வரைந்திருந்தால் போதும். அந்த ஏக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பட்டாலையில், அந்த உயர்ந்த திண்ணையில், தாளும் பென்சிலும் அளவு நாடாவும் இருக்கின்றன. முழு வீட்டையும் வரையவேண்டாம், ஆளுக்கு ஒரு போதிகை. அளவைக் கோட்டின் பக்கத்திலேயே எழுதுங்கள். சாயங்கால வெயில் கிழக்குத் தூண்களில் விழ ஆரம்பித்துவிட்டது. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும். அந்த மடல்களை எண்ணிவிட்டு வந்து சொல்லுங்கள்.